இடது பின்பக்கக் குழி

தராசு என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். எடை, அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, கடைக்காரர்களின் எடைக்கல்லைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தே ஓய்வு பெற்ற மனிதர். கிலோவில் ஐந்து கிராம் குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கடைக்காரரையும் தூங்க விட மாட்டார். அப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரே ஒரு கார் வாங்கினார். வாங்கின நாள் முதல் அதில் ஒரு கீறல் விழவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அப்புறம் மகளைக் காட்டி, இவள் கை வைத்த அன்றைக்குத் தவிர என்பார்.

மகள் என்றால் மூத்தவள். வயது நாற்பத்தொன்று. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். நாக்கு நாள் முழுக்கத் தேடினாலும் ஒரு மேடு தட்டாதபடி இழைத்துக் கொடுப்பாள் என்று ஊரில் உள்ள பொய்ப்பல் வாய்களெல்லாம் சாட்சி சொல்லும். கணவனோடு அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறாள். கணவன் ஷிப்ட் வேலைக்காரன், நல்லவன்; கார் விஷயத்தில் கருத்துச் சொல்லாத ஒரே ஆண்பிள்ளை.

அவள் பதினெட்டு வயதில் செய்த குற்றம் இதுதான். அப்பா கண்ணாடியைத் தேடி உள்ளே போன நேரத்தில், தனக்குத்தான் இரண்டு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே என்ற தைரியத்தில், காரை ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்தாள். வண்டியின் இடது பின்பக்கம் கேட் தூணைத் தொட்டது. டம்ளரை மேஜையில் வைத்த மாதிரி டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பள்ளம். அப்பா ஓடி வந்தார், தலையில் கை வைத்தார், அவளை உள்ளே போ என்று விரட்டினார். பிறகு அவரே துடைப்பத்தை எடுத்து, கீழே சிதறிக் கிடந்த சில்லுகளை ஒன்று விடாமல் கூட்டி அள்ளினார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் துடைப்பம் பிடித்தது அந்த ஒரு நாள்தான். மனசு எவ்வளவு நொந்து போயிருந்தால் அப்படிச் செய்திருப்பார் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் உச்சுக் கொட்டுவார்கள். கதை இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்துவிடும்; எழுந்து போய்விடுவாள்.

அன்றோடு மூத்தவளுக்கு ஸ்டியரிங் இல்லை என்று ஆயிற்று. இவள் தொட்டால் வண்டி தாங்காது என்பது வீட்டுச் சட்டம். தம்பிக்குப் பதினெட்டு ஆனதும் சாவி அவனிடம் போனது. அவன் முன்பக்க விளக்கை ஒரு முறையும் கதவை ஒரு முறையும் இடித்தான். அதற்கெல்லாம் கை பழகுகிறது என்று பெயர். பழகி முடித்துப் பெரிய கார் வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போனான். பழைய கார் ஷெட்டில் தூசி குடித்துக்கொண்டு நின்றது.

மூத்தவள் போன வருஷம் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்து, காரைக் கொடுங்கள் என்றாள். தராசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரை வேறு யாரும் சீண்டுவதில்லை என்பதால் நேராக மறுக்க வழியில்லை. ஆகவே நிபந்தனை போட்டார். அவர் நிபந்தனை இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

"பாடி முழுக்கப் பட்டி பாத்து பெயின்ட் அடி. நான் கண்ண மூடிட்டுத் தடவுவேன். ஒரு இடத்துல கையில தட்டினாலும் சாவி கிடையாது."

நடக்காத காரியத்தைச் சொல்லிவிட்ட நிம்மதியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். யாரிடம் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டார்.

மூத்தவள் அவர் கேட்டதோடு நிற்கவில்லை. பக்கவாட்டில் ஓடிய வெள்ளிப் பட்டைகளைக் கழற்றினாள். பெயர்ப் பலகையைப் பிடுங்கினாள். அவை இருந்த ஓட்டைகளை அடைத்தாள். பின் பம்பருக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்த மாதிரி இழைத்தாள். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் வாளியில் தண்ணீர், கையில் உப்புத்தாள். தேய்ப்பதற்கு முன் மேலே லேசாகக் கறுப்புப் பெயின்டைத் தூவிக்கொள்வாள். தேய்த்த பிறகும் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே பள்ளம். கடைசியில் உள்ளங்கையில் மெல்லிய துணியைப் போட்டுத் தடவுவாள். கண்ணுக்குப் பிடிபடாத அலையெல்லாம் துணிக்கு அடியில் பிடிபட்டுவிடும்.

தராசு ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். ஒரு நாள், இது காரா குளிக்கிற சோப்பா என்று கேட்டார். இன்னொரு நாள், பொய்ப்பல் செய்கிற கையால் காரைச் செய்தால் சிரிக்கத்தான் செய்யும் என்றார். சொன்ன நகைச்சுவைக்கு அவரே சிரித்தும் கொண்டார், அந்த வேலையையும் பிறருக்கு விடவில்லை.

இடது பின்பக்கத்தை மூத்தவள் கடைசிக்கு ஒத்திப்போட்டிருந்தாள். அந்தப் பக்கம் போனாலே அவளுக்குக் காது சூடாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா குளிக்கப் போயிருந்தபோது, துணிந்து உப்புத்தாளை வைத்தாள்.

பெயின்ட் போனது. அடியில் ரோஸ் நிறத்தில் பட்டி வந்தது. சரி, இது நம் திருப்பணிக்குப் பிறகு அப்பா அடைத்தது என்று தேய்த்தாள். ரோஸ் நிறம் தீர்ந்தால் தகரம் வர வேண்டும். வரவில்லை. சாம்பல் நிறத்தில் இன்னொரு பட்டி வந்தது. காய்ந்து, வெடித்து, வேறு காலத்துச் சரக்கு. மூத்தவள் கையை எடுத்துவிட்டாள். பழைய அடைப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது அடைப்பு வைத்த சொத்தைப் பற்களின் அச்சு வாரத்துக்குப் பத்தாவது அவள் மேஜைக்கு வரும். ஒரு பல் இரண்டு முறை அடைபட்டிருந்தால் இரண்டு முறை சொத்தை என்று அர்த்தம்.

பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த கொக்கி ஊசியால் சாம்பல் பட்டியை நெம்பினாள். கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் தகரம் கிழிந்து உள்ளே மடங்கியிருந்தது. டொக்கென்று தொட்டால் தகரம் கிழியாது. கிழிசலுக்குள் பட்டி விழாமலிருக்க யாரோ செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்கள். இடுக்கியால் பிடித்து மெதுவாக உருவி, மடியில் வைத்துப் பிரித்தாள். பாதி விளம்பரம், பாதி தலைப்பு. மேல் ஓரத்தில் தேதி.

அந்தத் தேதியில் அவளுக்கு வயது பதினைந்து. எஞ்சின் வேலை என்று கார் பத்து நாள் வீட்டில் இல்லாததும், பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனதும் நினைவு வந்தது. அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் அவள் ஸ்டியரிங்கையே தொட்டாள். அவள் தூணில் இடித்தபோது பள்ளம் விழவில்லை; ஏற்கெனவே இருந்த பள்ளத்தின் மூடியில் பாதி விழுந்தது. அப்பா கூட்டி அள்ளியது பெயின்ட் சில்லு அல்ல, பட்டிக்கட்டி.

முதலில் அவளுக்கு வந்தது வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். நான் இல்லை. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. இருபத்து மூன்று வருஷம் பஸ் படிக்கட்டில் தொங்கின கோபம். கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிடுவது நல்லது என்று வைத்தாள்.

அம்மா டீ கொண்டுவந்தாள். மூத்தவள் தாளை நீட்டினாள். அம்மா குழியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். டீயை டிக்கி மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும். நான் முன்சீட்டுலதான் உக்காந்திருந்தேன்."

மூத்தவளுக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் ஒரு மாதிரி. இது வேறு மாதிரி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"அவருக்கு ஆபீஸ்ல, தெருவுல எல்லாம் ஒரு பேரு இருந்துச்சு. பெரிய மனுஷன். நீ சின்னப் பொண்ணு, நாலு நாள்ல மறந்துடுவேன்னு நெனச்சேன்."

"மறந்துட்டேனா?"

இந்த முறை அடுப்பில் எதுவும் இல்லையென்றாலும் அம்மா உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் மூத்தவள் கீழ்வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தெரு வெல்டரைக் கூப்பிட்டுக் கிழிசலைத் தைக்கச் சொன்னாள். பள்ளத்தை இழுத்து நேராக்கித் தருகிறேன் என்று அவன் கெஞ்சினான். குழியின் வடிவம் நூலளவு மாறினாலும் காசு கிடையாது என்றுவிட்டாள். தராசின் மகள் அல்லவா. பிறகு ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் குழியின் விளிம்பையும் வயிற்றையும் பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்தாள். வேறு எந்தப் பாகத்துக்கும் அவள் அவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை. கடைசியில் முழுக் காருக்கும் கரும்பச்சை அடித்து, குழிக்கு மட்டும் ஒரு பூச்சுக் கூடுதலாகக் கொடுத்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றி, மேலே பழைய போர்வையைப் போட்டு மூடினாள்.

சோதனை நாளுக்குத் தம்பியும் வந்திருந்தான். அக்கா தோற்பதைப் பார்க்க விடுமுறை நாளைச் செலவழிக்கிற பாசம். தராசு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, போர்வையை எடுக்கச் சொல்லி, கண்ணை மூடினார். முன்பக்கத்தில் ஆரம்பித்தார். வலது பக்கக் கதவுகள், டிக்கி, பம்பர் எது எங்கே முடிகிறதென்று தெரியாத பின்பகுதி. கை வழுக்கிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் இரண்டு முறை தடவினார், நம்பிக்கை இல்லாமல். பிறகு இடது பின்பக்கம் வந்தது. கை சட்டென்று உள்ளே இறங்கியது. வழவழவென்று இறங்கி, வழவழவென்று மறுபக்கம் ஏறியது. தட்டவில்லை.

கண்ணைத் திறந்தார்.

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னக்கா, நீ இடிச்ச இடத்த மட்டும் அப்படியே விட்டுட்ட?"

மூத்தவள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். எங்கேயிருந்து எடுத்தாள் என்பதை மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். ஒரு தரம் படித்தால் போதும், இருந்தாலும் மூன்று தரம் படித்தார். எண்ணை மறுக்கிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. தம்பியும் எட்டிப் பார்த்தான். கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரனில்லை என்றாலும் அவனுக்கும் புரிந்தது, சிரிப்பைக் காணோம்.

அம்மா படியில் நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை.

"அது நான் இடிச்சதுதான்" என்றார் தராசு. மூத்தவள் இருபத்து மூன்று வருஷமாகக் கேட்க நினைத்த வாக்கியம், மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி வந்து விழுந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். நிறுத்தத் தெரிய வேண்டுமே. தொண்டையைச் செருமிக்கொண்டு, படிப்பக்கம் கையைக் காட்டினார். "பின்னாடி விளக்குக் கம்பம் இருக்குன்னு இவ சொல்லவே இல்ல."

"சொன்னேன்" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

"மூணு தடவ சொன்னேன். வாய மூடுன்னீங்க. மூடிட்டேன்."

மூத்தவள் கையை நீட்டினாள். தராசு சட்டைப் பையைத் துழாவி, சாவியை அந்தக் கையில் வைத்தார். கொடுத்துவிட்டு வழக்கம்போல முன் கதவுப் பக்கம் போனார். அங்கே அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில், இடது ஓரத்தில் ஏறிக்கொண்டார். தம்பிக்கு யாரும் இடம் காட்டவில்லை.

மூத்தவளுக்கு அம்மா மேல் கோபம் தீர்ந்திருக்கவில்லை. தீரும் என்ற உத்தரவாதமும் இல்லை. எஞ்சினைக் கிளப்பி, ரிவர்ஸ் போட்டு, மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள்.

"இடது பக்கம் தூண் இருக்கு" என்றாள் அம்மா, கேட்கிறதா இல்லையா என்கிற குரலில்.

மூத்தவளுக்குத் தூண் கண்ணாடியில் நன்றாகவே தெரிந்தது, இன்னும் இரண்டு அடி இருந்தது. இருந்தாலும் பிரேக்கை மிதித்தாள். அம்மா சொல்லி அந்த வண்டி நின்றது அதுதான் முதல் தடவை.