குசினிக்குள் வந்த நடைபாதை

பூங்காவுக்குப் பூட்டு விழுந்த நாற்பத்து மூன்றாம் நாள், பின்னேரம் நாலே முக்காலுக்கு, பூங்காவின் நடைபாதை றஸீனாவின் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால், வந்துசேர்ந்தது. நாலடி அகலம், நடுவில் கிரவல் கல், இரு ஓரமும் புல். தரை மாபிள் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பின்சுவரால் நுழைந்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வளைந்து, முன்சுவரால் வெளியே போனது. அந்த இடங்களில் சுவர் ஆளுக்கு வழிவிட்டது, ஆட்டுக்கு விடவில்லை. கட்டாரில் இருக்கும் கணவன் ரிஸ்கானுக்கு வீடியோவில் காட்டினாள். "புல்லுக்குத் தண்ணி ஊத்தாத, அத்திவாரம் ஊறிரும்" என்றான் அவன்.

வாவிக்கரைப் பூங்கா எல்லை வீதியின் முடிவில் இருந்தது. வீதிக்கு இந்தப் பக்கம் முஸ்லிம்கள், அந்தப் பக்கம் தமிழர். பந்தடிக்க வலை கட்டவேண்டும் என்று சிலர், பெண்கள் நடக்கத் தனி நேரம் வேண்டும் என்று சிலர். இரு பக்கத்திலும் இரண்டு கட்சியும் இருந்தன. மனுக்கள் குவியக் குவிய, பிரதேச சபை யாருக்கும் பதில் எழுதாமல் எல்லாருக்கும் பூட்டிவிட்டது. றஸீனாவுக்குப் போனது நடை மட்டுமல்ல, மூன்று வருடம் கூடவே நடந்த வதனியும்தான். டொக்டர் றஸீனாவை நடக்கச் சொன்ன சீனி வருத்தம், மாமியார், மகளின் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு என்று எல்லாம் பேசியவர்கள், ஒருவர் வீட்டை ஒருவர் விசாரித்ததில்லை, போன் நம்பரும் வாங்கியதில்லை. நாளைக்கும் காணத்தானே போகிறோம் என்ற எண்ணம். கடைசி நாள் வதனி சொன்னாள்: "மார்பில ஒரு கட்டி கா. துண்டு வெட்டி சோதிக்க அனுப்பியிருக்கிறாங்க. நாளைக்கு ரிப்போட் வரும், வந்து சொல்றன்." மறுநாள் பூட்டு.

ஆகவே றஸீனா செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்கினாள். அது எல்லை வீதியைக் குறுக்கறுத்து வீடு வீடாகப் போனது. சாமியறைகளையும் தொழுகை விரிப்புகளையும் தானாகவே ஒதுங்கிக்கொண்டது. முதல் வீட்டில் வினாயகமூர்த்தி மாஸ்டர் இடுப்பில் கட்டிய சாரனோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு முன்னால நாலு பேர் போயிட்டாங்க தங்கச்சி. செருப்பக் கழட்ட வேணாம், பாதைதானே" என்றார். பதினோராவது வீட்டில் பாதை ஒரு கட்டிலைச் சுற்றி ஓடியது. கட்டிலில் வதனி, தலையணை அளவுக்கு மெலிந்து.

"எங்க கா இருந்த இவ்வளவு நாளும்?"

"உன்ட ஊடு எதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும் புள்ள?"

"கேட்டாத்தானே." வதனி கூரையைப் பார்த்தாள். "கான்சர்தான். கட்டிய வெட்டி எடுத்தாச்சு. இன்னும் ஆறு தரம் மருந்து ஏத்தணுமாம். நீ நில்லாத, நட. சீனி ஏறும்."

றஸீனா நடந்தாள், கட்டிலையே சுற்றிச் சுற்றி, இருட்டும் வரை.

அதன்பின் தினமும் நாலே முக்காலுக்கு இரு பக்கத்தாரும் ஒருவர் குசினியால் ஒருவர் போய்வந்தார்கள். யார் வீட்டில் என்ன கறி, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் தெரியவந்தது. போகிற வழியில் மூடி போட்ட கோப்பைகள் கைமாறின. வதனியின் கட்டிலடியில் சூப்பும் இளநீரும் குறையவில்லை. பூட்டி எட்டாம் மாதம் சபை பூங்காவைத் திறந்தது. உள்ளே வெறும் மணல். யாரும் மனு எழுதவில்லை. புதிதாக வீடு கட்டியவர்கள் பாதைக்கென்று நாலடி விட்டே கட்டினார்கள்.

ஆறாவது மருந்து ஏற்றி இருபதாம் நாள், வதனி கட்டிலைவிட்டு இறங்கி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, பாதையில் சேர்ந்தாள். றஸீனா வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்தவர்கள் முந்தவில்லை, முன்னால் போனவர்கள் நின்று நின்று போனார்கள். அன்று எல்லை வீதியின் இரு பக்கத்திலும் எல்லா வீட்டிலும் இராச்சாப்பாடு பிந்தியது.