துப்பட்டாக் கிழிசல்

“யோவ், போனை வெச்சுடாத. செத்த கண்ண மூடிக்கிறேன். ஒன்பதரைக்கு எழுப்பி வுடு, பத்து மணிக்கு ஆபீசுல இருக்கணும்” என்றாள் ஜெசிந்தா, வீடியோ காலில். அவளுக்கு அங்கே இங்கிலாந்தில் காலை. எனக்கு இங்கே திருவிடந்தை ரிசார்ட்டில் சாப்பாட்டு நேரம். துவைத்த படுக்கை விரிப்புகள் காயும் கொடிக்குப் பின்னால், சோற்று டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமில் வேலையில் இருந்தவள். வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று அங்கே போய் ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியவில்லை. இருட்டில் பஸ் ஏறி இருட்டிலேயே திரும்புகிறாள். கையுறை போட்டுப் போட்டுக் கையெல்லாம் வெடித்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்ட எண்பது வயதுக் கிழவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். வாய் வராமல் ‘சார்’ என்று கூப்பிட்டு, அதற்கும் பேச்சு வாங்கினாள். எங்கள் மகள் சஹானாவின் காலேஜும் பூசாமல் நிற்கிற வீடும் அந்த வேலையை நம்பித்தான் இருக்கின்றன.

போன வாரம் அந்தக் கிழவர் இறந்துவிட்டார். இவள் கதவைத் திறந்தபோதே உயிர் இல்லை. எதையும் தொடாமல் போன் செய்ய வேண்டும், அதுதான் ஆபீஸ் சட்டம். போன் செய்தாள்தான். ஆனால் அதற்கு முன்பே அவர் கண்ணை மூடிவிட்டு, தன் துப்பட்டா ஓரத்தைக் கிழித்து, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். நம் பக்கத்தில் கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சர்ச்சுக்குப் போகிறவர்களானாலும் முதலில் செய்வது அதுதானே. வந்த போலீஸ்காரர் கட்டின காலைப் பார்த்து, இவளைச் சமையலறையில் தனியாக உட்கார வைத்துவிட்டாராம். போலீஸ் சந்தேகம் அன்றைக்கே தீர்ந்தது. ஆபீஸ்தான் விடவில்லை, இன்றைக்கு விசாரணை.

“ஏன் கட்டுனன்னு கேப்பாங்க. இன்னா சொல்றது?”

“இன்னாத்துக்கு கட்டுனியோ அத்த சொல்லு.”

“வர்றவங்க பாக்க சொல்லோ காலு அகண்டு கெடக்கக் கூடாதுல்ல. வெறைச்சிப் பூட்டா அப்பால சேக்க முடியாது. ஆனா சொந்தம்னு யாருமே வரலய்யா. பொணத்த எடுக்கற ரெண்டு பேர் வந்தாங்க. கத்திரியால துணிய வெட்டிட்டு, பையில போட்டு ஜிப்ப இழுத்துகினு பூட்டாங்க.”

நான் சோற்று டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

“வேல பூட்சின்னா இன்னா பண்றது?”

வந்துடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “இப்ப தூங்கு” என்றேன்.

அவள் தன் நெஞ்சின்மேல் வைத்திருந்த போன் சரிந்து கால் பக்கம் திரும்பிக்கொண்டது. திரையில் இப்போது அவள் பாதங்கள் மட்டும். ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. பார்க்கவே பயமாக இருந்தது. வேலை போகக் கூடாது என்று காலையில் ஜெபம் செய்தவன் நான்தான். போனால் திரும்பி வந்துவிடுவாளே என்று இப்போது நினைப்பவனும் நான்தான். எழுப்பாமல் விட்டால் போதும், விசாரணை தவறிவிடும்.

அங்கே ஒன்பதரை ஆகிவிட்டது. இங்கே சூப்பர்வைசர் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

“ஜெசி” என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அந்தக் கட்டைவிரல் லேசாக மடங்கி, மறுபடி அடங்கிவிட்டது.