ஜன்னலுக்குப் பக்கவாட்டில்

பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்துபவளுக்குக் கண்தான் சோறு போடுகிறது. அந்தக் கண்ணே போய்விட்டது என்று மேலாளர் சொன்னதும் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“ரெண்டு புத்தகத்துல பிழை அப்படியே அச்சாயிடுச்சும்மா. திங்கட்கிழமையிலேர்ந்து வரவேற்புல உட்காருங்க.”

வீட்டில் கணவர், “புதுக் கண்ணாடி போட்டுக்கயேன்” என்றார்.

“கண் டாக்டர் போன மாசம்தானே பார்த்தாரு? கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க தலையில புதுசா முளைச்ச நரைகூடத் தெரியுது.”

அவர் தலையைத் தடவிக்கொண்டே நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

யோசித்துப் பார்த்தாள். தவறியதெல்லாம் மதியத்துக்கு மேல் பார்த்த பக்கங்கள். தன் அறையிலிருந்தே எல்லார் முகமும் தெரியவேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டதிலிருந்து, மேசைகள் எல்லாம் பெரிய ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றன. மதிய வெயில் நேராகக் கணினித் திரையில் விழும். யாராவது எரிச்சலில் திரைச்சீலையை இழுத்து மூடுவார்கள். அறை இருட்டாகிவிட, அத்தனை விளக்கும் எரியும். தலைக்கு மேல் உள்ள குழல்விளக்கு எழுத்தின் மேலேயே வெள்ளைக் கோடாகப் படுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் தலைவலி. பழியோ தேநீர்மேல்.

மறுநாள் வந்ததும் வராததுமாக மேசையைக் கரகரவென்று இழுத்து ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினாள். சீலையைப் பாதி விலக்கி, தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தாள். வரிசைக்கே ஒரு சுவிட்சுதான்.

“இருட்டுல நான் என்ன பண்றதாம்?” உள்மூலையிலிருந்து சிடுமூஞ்சிக் கணக்கர் கத்தினார். அவர் கேட்டதும் நியாயம்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த மேசைவிளக்கை அவர் முன்னால் வைத்தாள். அவர் முறைத்தார், ஆனால் விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேலாளர் ஓடிவந்தார். “யாரைக் கேட்டு நகர்த்தினீங்க? உங்க முகமே தெரியல!”

“முகத்துக்கா சார் சம்பளம் தர்றீங்க? மதியத்துக்கு மேல ஒரு பாடம் குடுங்க. நான் பார்த்ததை நீங்களே பாருங்க. ஒரே ஒரு பிழை விட்டிருந்தாலும் நானே வரவேற்புக்குப் போயிடறேன்.”

வெயில் இறங்கும்வரை எழுத்து எழுத்தாகப் பார்த்து முடித்தாள். மேலாளர் வரி வரியாக விரல் வைத்துத் தேடினார். கடைசிப் பக்கம்வரை ஒன்றும் சிக்கவில்லை.

“வரவேற்புக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்று முனகிவிட்டுப் போனார்.

மதியமெல்லாம் பளிச்சென்றிருந்த எழுத்துகள் அப்போதுதான் அவளுக்கு மங்கின. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாடத்தைத் திறந்தாள்.