கைதிக்கும் ஒரு கரண்டி

மூடுபனி கொஞ்சம் விலகியதும் லுபோஷ் முதலில் தேடியது யாரோமிரைத்தான். மேட்டுக்குக் கீழே ரஷ்யர்கள் பச்சைக் கோட்டோடு வரிசை கட்டி நின்றார்கள். அந்த வரிசையின் ஓரத்தில், அகலத் தோளும் பெல்ட்டுக்கு அடங்காத தொப்பையுமாக அவன். வருடக்கணக்காகப் பிரெஞ்சுக்காரனாக இருந்த மனிதன், போன குளிர்காலத்தில் கோபித்துக்கொண்டு எதிரிப்படைக்குப் போய்விட்டான்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். செக் நாட்டின் பிர்னோ நகரில் டிராம் ஓட்டுகிற லுபோஷும், குளியலறை டைல்ஸ் விற்கிற யாரோமிரும் வருடத்தில் சில வாரக்கடைசிகள் நெப்போலியனின் சிப்பாய்களாக வேஷம் கட்டி வாழ்கிறவர்கள். அதில் சண்டை கொஞ்ச நேரம்தான். மற்றபடி விறகு பொறுக்குவது, வைக்கோலில் படுப்பது, நனைந்த பூட்ஸை நெருப்பில் காட்டுவது, வெங்காயம் நறுக்குவது, யார் குறட்டை விட்டது என்று காலையில் சண்டை போடுவது. பார்க்க வருகிற கூட்டம் துப்பாக்கிச் சத்தத்துக்காக, 1805-ல் நெப்போலியன் ரஷ்யர்களோடு மோதிய இந்த ஸ்லாவ்கோவ் பக்கம் வருகிறது. இவர்கள் இருவரும் வந்தது அந்த வைக்கோலுக்கும் வெங்காயத்துக்கும்தான்.

பிரிந்தது ஒரு தையலால். 1805-க்குப் பிறகு வந்த எதற்கும் அவர்கள் குழுவில் ஒரே பெயர்: பிளாஸ்டிக். கைக்கடிகாரம் பிளாஸ்டிக், தீப்பெட்டி பிளாஸ்டிக், ஒருமுறை ஒருவன் கொண்டுவந்த தக்காளி பிளாஸ்டிக்கா இல்லையா என்று பாதி நாள் வாக்குவாதம். யாரோமிரின் கோட்டுகளை அவன் மனைவி ஹெட்விகாதான் எப்போதும் கையால் தைப்பாள். போன வருடம் அவன் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். கார்ப்பரலான லுபோஷ் அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் அதன் ஓரத்தைப் புரட்டி, தையல் மிஷின் ஓடிய நேர்க்கோட்டைக் காட்டினான். "ஹெட்விகாவுக்கு இப்பல்லாம் சோம்பேறித்தனம் வந்துடுச்சு போல. பிளாஸ்டிக்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யாரோமிர் கோட்டைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

ஹெட்விகாவின் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போன சேதி லுபோஷுக்கு வசந்தத்தில்தான், அதுவும் அடுத்தவர் வாயால், தெரிந்தது. கேட்ட அன்று அவனால் சாப்பிட முடியவில்லை. போன் செய்தான், எடுக்கவில்லை. மறுபடி செய்தான்; அதற்கும் பதில் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நண்பனைத் தேட முடியாது என்பதும், தேடவும் தனக்குப் பிடிக்காது என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்றைக்கு விட்டால் இரண்டு படையும் சந்திப்பது அடுத்த குளிர்காலம்தான்.

"இன்னிக்கு நாம ஒரு கைதி பிடிக்கிறோம்," என்றான், பக்கத்தில் நின்ற இவெத்தாவிடம். இவெத்தா பல் டாக்டர். தீயில் கருக்கிய தக்கையால் மீசை வரைந்திருந்தாள்.

"வருஷா வருஷம் பிடிக்கிறதுதானே, கார்ப்பரல். நம்ம சூப்புக்கு அவங்களே முண்டியடிச்சுட்டு வருவாங்க."

"இந்தத் தடவை ஆளை நான் சொல்லுவேன்."

இவெத்தா அவன் பார்வை போன திசையைப் பார்த்தாள். "அவரா? வர மாட்டாரு. உங்களைப் பார்த்தாலே செத்துடுவாரு."

அப்படியேதான் நடந்தது. இந்தப் போரில் எப்போது சாவது என்பது அவரவர் விருப்பம். பெரும்பாலும் தோள் வலிக்கும்போது சாவார்கள். லுபோஷ் தன் ஆட்களோடு நேரே வருவதைக் கண்டதும் யாரோமிர், ஒரு வேட்டும் வெடிக்காத நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பனியில் குப்புற விழுந்தான்.

லுபோஷ் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான். "டேய். யாருமே சுடலைடா. எதுல செத்த?"

பிணம் அசையவில்லை. அதன் காது மட்டும் சிவந்திருந்தது.

இவெத்தா குனிந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். "உயிர் இருக்கு, கார்ப்பரல். வெறும் காயம்தான்."

"பல்லு புடுங்குறவளுக்கு என்ன தெரியும்," என்று பிணம் பனிக்குள்ளேயே முனகியது.

"பேசுது பாருங்க. தூக்குங்க."

ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் கைதட்டியது. அத்தனை பேர் பார்க்கும்போது கையை உதறிவிட்டுப் போவது சிப்பாய்க்கு அழகில்லை என்பதால் மட்டுமே யாரோமிர் நடந்தான்.

முகாமில் சூப்பு தயாராக இருந்தது. பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குத் தட்டு கிடையாது. நடுவில் ஒரே பாத்திரம், சுற்றி வட்டமாக ஆட்கள். ஒருவன் ஓர் அடி முன்னால் வந்து, ஒரு கரண்டி எடுத்துக் குடித்துவிட்டு, பின்னால் போவான். பிறகு அடுத்தவன். முந்தவும் கூடாது, முறையைத் தாண்டவும் கூடாது. கைதியும் வட்டத்தில் நிற்பான். அவனைப் பட்டினி போட்டால் படைக்கே கேவலம். இன்னொரு சட்டமும் உண்டு. நெருப்பைச் சுற்றி நிற்கும்வரை 1805-ஐத் தாண்டி யாரும் பேசக்கூடாது. பேசினவன் ஓடைத் தண்ணீரில் மண் போட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதே லுபோஷ்தான். அதனால் அவன் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"ரஷ்யக்காரரே," என்றான். "எங்க படையில முன்ன ஒரு சிப்பாய் இருந்தாரு. அவரோட கோட்டைப் பத்தி ஒரு கார்ப்பரல் கேவலமா பேசிட்டான். அந்தக் கார்ப்பரல் ஒரு மடையன்."

யாரோமிர் முன்னால் வந்து, ஒரு கரண்டி குடித்து, மீசையைத் துடைத்தான். "நான் ரஷ்யன். எனக்குப் பிரெஞ்சு புரியாது."

"நாம பேசுறது செக் தானே," என்றாள் இவெத்தா.

"அதுவும் புரியாது."

வட்டம் ஒரு சுற்று வந்தது. லுபோஷின் முறை. முன்னால் வந்தவன் கரண்டியை முக்காமல் அப்படியே நின்றான். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

"ஹெட்விகாவுக்கு கை எப்படிடா இருக்கு?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "கார்ப்பரல்," என்றாள் இவெத்தா மெல்ல, "1805."

"தெரியும். பாத்திரம் நான் கழுவுறேன். இனிமே எப்பவும் நானே கழுவுறேன். சொல்லுடா, எப்படி இருக்கா?"

யாரோமிர் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "மருந்து மாத்தியிருக்காங்க. கொஞ்சம் தேவலை. ஆனா பட்டன் போட வரலை. ஊசியெல்லாம் இனிமே கிடையாது."

"எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா அவ தையலைப் பத்தி..."

"அவ தையல் இல்லடா அது. மிஷின்ல நான் தைச்சது. பக்கத்துல உக்காந்து அவ சொல்லிக்கொடுத்தா. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். முடிச்சதும் கோட்டைத் தடவிப் பார்த்து அழுதா. அதைத்தான் நீ ஊரைக் கூட்டிப் புரட்டிக் காட்டின."

லுபோஷுக்கு வெட்கமாக இருந்தது, அந்தப் பனியிலும் முகம் எரிந்தது. மாதக்கணக்கில் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

"தப்புடா," என்றான். "மன்னிச்சுடு."

நெருப்பு படபடத்தது. யாரோமிர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். பிறகு, "சூப்புல உப்பு போட்டது யாரு?" என்றான்.

"நான்தான்."

"அதான் வாயில வைக்க முடியலை. முறையை விடாத, குடி. பின்னால ஆளுங்க பசியோட நிக்கிறாங்க."

லுபோஷ் குடித்தான். உண்மையிலேயே வாயில் வைக்க முடியவில்லை.

கீழே ரஷ்யர்களின் முரசு கேட்டது. யாரோமிர் கரண்டியைப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான்.

"இங்கயே இருந்துடேன்டா," என்றான் லுபோஷ்.

"முடியாது. அங்க பாதிப் பேர் கோட்டு நான் தைச்சது. இப்ப கையாலயே தைக்கிறேன். என்னைத் தையக்காரன்னுதான் கூப்பிடுறாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு."

லுபோஷுக்கு வலித்தது. வலித்தாலும் தலையாட்டினான். யாரோமிர் சில அடி போய்த் திரும்பினான். "என்கிட்ட மன்னிப்பு கேட்டது எனக்குப் போதும். அவகிட்ட நீ இன்னும் கேக்கலை. கார்லதான் உக்காந்திருக்கா, அந்த மரத்து வரிசைக்கு அந்தப் பக்கம். குளிர் அவளுக்கு ஆகாது. போய்ப் பேசு."

லுபோஷ் போனான். நீலக் கோட்டும் உயரத் தொப்பியும் துப்பாக்கியுமாக, பலூன் விற்கிறவர்களையும் சாசேஜ் கடைகளையும் தாண்டி, பார்த்தவர்கள் எல்லாம் படம் எடுக்க எடுக்கப் போனான். மரங்களுக்குப் பின்னால் யாரோமிரின் பழைய ஸ்கோடா கார் நின்றது. உள்ளே ஹெட்விகா, கம்பளிக் கையுறை போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு. கண்ணாடி கொஞ்சமாக இறங்கியிருந்தது.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"கண்ணு கலங்காத, மூஞ்சி உறைஞ்சு போயிடும்," என்றாள் ஹெட்விகா. "ஹீட்டர் ஓடுது. கதவை நீயே திறந்துக்கோ, என் விரலுக்கு அது வராது."

லுபோஷ் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுக் கதவைத் திறந்து ஏறினான்.