கதவுக்கு நான்தான் இன்சார்ஜ்

பிரின்சிபால் மேடம் செருப்புச் சத்தம் மாடிப்படியில கேக்குற நேரத்துலதான் ஜோவிதா அந்தத் தாளை முழுசாப் படிச்சா. படிச்சதும் வாசலைத் திரும்பிப் பார்த்தா.

தூத்துக்குடியில இருந்து தாம்பரத்துக்கு வந்து, செலையூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் மிஸ்ஸா சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பல. வேலையும் பெர்மனென்ட் ஆகல. தினம் சாயங்காலம் அம்மா போன்ல கேக்குற மொத கேள்வியே அதுதான். இந்த லட்சணத்துல, ‘ஏழாங்கிளாஸ் பசங்க எழுதுறதை பிளாக்ல போடலாமா மேடம்’னு வாயக் குடுத்து மாட்டிக்கிட்டா.

பிரின்சிபால் ஜெரூஷா மேடம் கண்ணாடிக்கு மேலால பார்த்தாங்க. “நெட்ல ஒரு தடவ போனது திரும்பி வருமாம்மா? முதல்ல செவுத்துல ஒட்டிக் காட்டுங்க. இவங்க என்னத்த எழுதுறாங்கன்னு பார்த்துட்டு சொல்றேன்.”

அப்படித்தான் கிளாஸோட பின்பக்கச் செவுரு பிளாக் ஆச்சு. ஆளுக்கொரு தாள். படிச்சவங்க அதுக்குக் கீழ மஞ்சள் ஸ்டிக்கி நோட்ல கமெண்ட் ஒட்டணும், பேரு போடணும். “நீங்க எழுதுறதுல மிஸ் கை வைக்க மாட்டேன்”னு ஜோவிதா வேற சத்தியம் பண்ணாத குறையா சொல்லியிருந்தா.

மாஹிரா நேத்து லீவு. அவ தாள் மட்டும் இன்னிக்குக் காலையிலதான் செவுத்துக்கு வந்துச்சு. தலைப்பு, ‘எங்க வேன் கதவுக்கு நான்தான் இன்சார்ஜ்’. பம்மல் போற ஸ்கூல் வேன்ல கதவோட தாழ்ப்பாள் உடைஞ்சுபோச்சாம், கயித்தால கட்டியிருக்காம். முடிச்சு போடுறதுல மாஹிராவை அடிச்சுக்க ஆளில்லையாம். அதனால டிரைவர் அண்ணா கதவோர சீட்டை அவளுக்கே குடுத்துட்டாராம். ‘ஜிஎஸ்டி ரோட்ல வேன் திரும்புறப்போ கயித்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவேன். இதுவரைக்கும் ஒருத்தரும் விழல.’

அவ பெருமையாத்தான் எழுதியிருந்தா. ஜோவிதாவோட கணக்கு வேற. இதை மேடம் பார்த்தா பிளாக்கும் கிடையாது, வேலையும் கிடையாது. செருப்புச் சத்தம் வராண்டாவுக்கே வந்துருச்சு. சரக்குனு தாளைப் பிச்சு, நாலா மடிச்சு, இடுப்புல புடவைக்குள்ள சொருகிட்டா.

“மிஸ், அது என்னோடது…” மாஹிரா எழுந்து நின்னா.

“அப்புறம் சொல்றேன்டா. உக்காரு.”

மேடம் உள்ள வந்தாங்க. ஒவ்வொண்ணா நின்னு படிச்சாங்க. பல்லாவரம் சந்தையில அப்பா வாங்கிட்டு வந்த பழைய மிக்ஸி, மூடியைத் திறந்ததும் மாவை மூஞ்சியில அடிச்ச கதையை ஆபேல் எழுதியிருந்தான். மேடம் சிரிச்சே சிரிச்சாங்க. ஜோவிதாவுக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

மேடம் அடுத்த அடி வச்சு நின்னாங்க. “இதென்ன, நடுவுல பல்லு விழுந்த மாதிரி?”

தாள் போயிருந்துச்சு. தாளுக்குக் கீழ இண்டர்வெல்ல பசங்க ஒட்டின மஞ்சள் கமெண்டெல்லாம் அப்படியே இருந்துச்சு. ஜோவிதா அதைக் கவனிக்கவேயில்ல.

மேடம் சத்தமாவே படிச்சாங்க. “‘கெத்து மாஹிரா! பிரணவ்.’ ‘நேத்து நீ லீவு, நான்தான் புடிச்சேன். கை எரியுது. ஜான்சி.’ ‘நேத்து குரோம்பேட்டைல கதவு பாதி தொறந்துச்சு, ஜான்சி அழுதுட்டா. ஆபேல்.’” சிரிப்பு போயிருச்சு. “எந்தக் கதவு?”

பசங்க யாரும் மிஸ்ஸைக் காட்டிக்குடுக்கல. மாஹிரா தலையைக் குனிஞ்சு உதட்டைக் கடிச்சுக்கிட்டிருந்தா, ஏதோ பெரிய தப்பு பண்ணிட்ட மாதிரி. அதைப் பார்த்ததும் ஜோவிதாவுக்கு வேற ஒரு பயம் வந்துச்சு. சாயங்காலம் இந்தப் பொண்ணு மறுபடியும் அந்தக் கதவோரந்தான் உக்காரப்போறா.

இடுப்புல இருந்து தாளை எடுத்து நீட்டினா. “நான்தான் எடுத்தேன் மேடம். உங்களுக்குப் பயந்து.”

மேடம் ஒரு தடவ படிச்சாங்க. மறுபடியும் படிச்சாங்க. அப்புறம் மாஹிராகிட்ட போய், “கையைக் காட்டும்மா”ன்னாங்க. உள்ளங்கையில குறுக்கால சிவப்புக் கோடு.

“வலிக்கலையா?”

“பழகிடுச்சு மேடம்.”

மேடம் தாளை அது இருந்த இடத்துலயே திரும்ப ஒட்டினாங்க. ஒரு மஞ்சள் நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினாங்க: ‘இன்னிக்கு அந்த வேன் ஓடாது. தாழ்ப்பாள் சரியானப்புறம்தான் ரோட்டுக்கு வரும்.’ ஒட்டப் போனவங்க நின்னு, “பேரு போடணும்ல?”ன்னு ‘ஜெரூஷா’ன்னும் சேர்த்தாங்க.

வாசலுக்குப் போனவங்களை ஜோவிதா கூப்பிட்டா. கூப்பிட்டது தான்தானான்னு அவளுக்கே சந்தேகம். “மேடம்… பிளாக்?”

“ஆரம்பிங்க. வெளியாளுங்க பாக்கக் கூடாது, பாஸ்வேர்டு எனக்கும் வரணும்.” திரும்பிப் பார்த்தாங்க. அதுல கோவம் இருந்துச்சா இல்லையான்னு தெரியல. “இனிமே எதையாவது எடுக்கிறதா இருந்தா, என்கிட்ட கேட்டுட்டு எடுங்க.”

ஜோவிதா செவுத்துல சாஞ்சுக்கிட்டா. திரும்பிப் பார்த்தா, மேடம் நோட்டுக்குக் கீழ அதுக்குள்ள இன்னொரு மஞ்சள் நோட்டு: ‘மேடம், அப்ப இன்னிக்கு எங்களை யாரு வூட்ல விடுவா? மாஹிரா.’

ஜோவிதா கை தன்னால அதைப் பிய்க்கப் போச்சு. போன கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டு, “மேடம், ஒரு நிமிஷம்! உங்களுக்கு ரிப்ளை வந்திருக்கு!”ன்னு வராண்டாவுல ஓடினா.