தெற்கு வாசல் சுவர்

1

இந்தக் கதையை எழுத நான் ஆசைப்படவே இல்லை. வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊர் செபஸ்தியார் கோயிலுக்கு இருநூறு வருஷம் ஆகிறது. விழா மலருக்குக் கட்டடத்தைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான். டேப்பும் கையுமாகப் போனேன். சிலுவை வடிவம், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், எல்லாம் குறித்தேன். வெளியே தெற்குப் பக்கம் ஒரு வளைவு, மூன்று படி. உள்ளே அதே இடத்தில் வெறும் சுவர். படியேறினால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் வரவில்லை.

2

"1968. புது ஆட்சி வந்த மறுவருஷம், தஞ்சை வயல்களில் செங்கொடி..." (வேண்டாம், பாடப்புத்தக வாடை.)

இப்படித் தொடங்கலாம். சேரித் தெருக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு அறுப்புக்கு இறங்காத ஆறாம் நாள், அடைக்கலம் கொத்தனாரை மிராசுதார் கூப்பிட்டனுப்பினார்.

"தெக்கு வாசல்ல விரிசல் விட்டிருக்கு. செவ்வாய்க்குள்ள அடைச்சுடு."

"எங்களுக்கு இருக்கறது அந்த ஒரு வாசல்தானுங்கய்யா. பொண்ணுக்கு மூணு ஓலையும்* வாசிச்சாச்சு. புதன்கிழமை கல்யாணம்."

"நீ குடியிருக்கற மனை யாருதுடா?"

அடைக்கலம் கரணையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பு.

3

இங்கேதான் எனக்கு அவரை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவர் மகள் சலேத்தம்மா சொன்னது இது:

"உள்ள கல்ல சேத்துலதான் வச்சிருக்கேன், மேலதான் காரை, ஒரு தள்ளு போதும்னாருங்க அப்பா. கல்யாணத்தன்னிக்கு நான் பட்டுச்சேலையோட படியில நிக்கிறேன். அப்பா சுவத்துல கைய வச்சாரு."

"அப்புறம்?"

"எடுத்துட்டாருங்க. பக்கத்து ஊர் கோயிலுக்கு நடந்து போனோம்."

சலேத்தம்மா இன்னமும் பூசைக்கு உள்ளே வருவதில்லை. அந்தப் படியில் உட்கார்ந்தே கேட்கிறார். இப்பத்தான் யாரும் தடுக்கலையே என்றேன். "அதாங்க எங்க வாசல்" என்றார்.

4

முடிவு ஒன்று: சுவர் விழுகிறது, மணப்பெண் உள்ளே போகிறாள். (பொய். சுவர் நிற்கிறது.)

முடிவு இரண்டு: சேறும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்துபோய் நல்ல சுண்ணாம்பில்தான் கட்டினார், மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு கதை சொன்னார். (இப்படி எழுத எனக்கு என்ன யோக்கியதை? அடைக்கச் சொன்ன மிராசுதார் என் பெரியப்பா. முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், பயமாக இருந்தது.)

மூன்று: நேற்று மத்தியானம் கோயிலில் யாருமில்லை. போய்ச் சுவரில் கையை வைத்தேன். கொஞ்சம் அழுத்தினால் தெரிந்துவிடும். சேறாக இருந்தால் நான்

நானும் எடுத்துவிட்டேன்.

கோயில் பகலெல்லாம் திறந்துதான் இருக்கும். பெரிய வாசல் வழியாகப் போங்கள், வலது கைப் பக்கம். தள்ளுவதாக இருந்தால், முதலில் வெளியே போய்ச் சலேத்தம்மாவைப் படியை விட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள்.