அம்மா கேட்ட படம்

“இது எங்கம்மா இல்ல” என்று ஜெபமலர் படத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தாள்.

ஜௌபர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பதுளை பஸாரில் இருந்த அவருடைய ஸ்டூடியோவுக்கு முகம் வெளுப்பாக விழவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள்தான் உண்டு.

“நல்லாப் பாருங்க தங்கச்சி. நான்தானே தோட்டத்துக்கு வந்து எடுத்தது.”

“எடுத்தது அவங்களத்தான், ஜௌபர் நானா. இதுல இருக்கிறது வேற ஆளு.”

படத்தில், லயத்து வரிசையில் அவர்கள் குடியிருந்த காம்பராவின் இருண்ட வாசலுக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் அம்மா செசிலி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். முகம் மட்டும் மாவு பூசியதுபோல் இருந்தது. கன்னத்துப் பள்ளமும் வாயோரக் கோடுகளும் அந்த வெளுப்பில் காணாமல் போயிருந்தன.

வெளியே பேக்கரியில் பாணுக்கு நின்ற வரிசை ஸ்டூடியோ வாசல்வரை நீண்டிருந்தது. அதற்கும் அப்பால், அவர்கள் தோட்டத்துச் சந்தி வழியாக எல்ல ஊருக்குப் போகிற பகல் பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. அதை விட்டால் சாயங்காலம்தான். காலையில் தோட்டத்து டாக்டரையா அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “யாரும் தூரமாப் போயிடாதீங்க” என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் செசிலி மகளைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “நீ போயி வாங்கிட்டு வா. ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. கல்யாணப் படம். அப்பா சிங்கராயர் இரவல் கோட்டில் விறைத்து நிற்க, பக்கத்தில் பால் நிறத்தில் ஒரு பெண். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷை எடுத்து செசிலியை வெள்ளைக்காரியாக்கிவிட்டிருந்தார். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது யாரு, மொதத் தாரமா?” என்று கேட்பார்கள். சிங்கராயர் ஒரு நாள் வேடிக்கையாக, “ஆமா, அது செத்துப்போச்சு” என்று சொல்லிவைத்தார். லயம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு செசிலி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனாலே, “ரெண்டாந் தாரம் வருது” என்று யாராவது ஒருத்தி ஆரம்பித்துவிடுவாள். செசிலி எதற்கும் பதில் பேசினதில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் சொன்னாள்: “நான் செத்தா கோயில்ல குடுக்க ஞாபக அட்டை அடிப்பீங்கள்ல? அதுல என்னயப் போடுங்க. அவளப் போடாதீங்க.”

“அச்சுக்குப் போற படம் தங்கச்சி” என்றார் ஜௌபர். “கொழும்புக்கு அனுப்பித்தான் அச்சடிக்கிற பிளாக் செய்யணும். கறுத்த முகத்த அப்பிடியே குடுத்தா மை அப்பிக்கொள்ளும். கண்ணும் தெரியாது, வாயும் தெரியாது. அதுக்குத்தான் வெளுப்பா பிரிண்ட் போட்டது.”

“வேற மாதிரி பிரிண்ட் போட முடியாதா?”

“படம் போடுற பேப்பர் வாரதே இல்ல இப்ப. பெட்டியில கெடக்கிறத வச்சுத்தான் சமாளிக்கிறன். நீங்க பஸ்ஸப் புடிங்க. உம்மா இரிக்கிற நெலமைக்கு இத உத்துப் பாக்கவா போறாங்க?”

“பாப்பாங்க.”

பஸ் ஹாரன் அடித்தது. ஜெபமலரின் கால்கள் தாமாகவே வாசல்வரை போயின. இந்தப் படத்தோடு ஏறினால் அம்மாவை உயிரோடு பார்த்துவிடலாம். ஆனால் அம்மா அதை வாங்கிப் பார்ப்பாளே, அப்போது அந்த முகத்தை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது?

பஸ் நகர்ந்தது. அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். “மறுபடி பிரிண்ட் போடுங்க நானா.”

ஜௌபர் நெகடிவை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். முதலில் எடுத்த பிரதியில் முகம் பின்னால் இருந்த வாசல் இருட்டோடு கரைந்துவிட்டது. அவர் எரிச்சலோடு அதைக் கசக்கி எறிந்த சத்தம் அவளுக்கும் கேட்டது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். “மொகத்துல கை வைக்கக் கூடாது போல. பின்னால இரிக்கிற வாசல வெளுப்பாக்குவம். சேலைட வெள்ளையக் கொறைப்பம். அப்ப மொகம் தன்னால மேல வரும்.”

வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிடித்தார். “இவ்வளவு கறுப்பா? எனக்கு இப்ப ஞாபகம் இல்ல.”

ஜெபமலர் கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். “எனக்கு அம்மா நெறம்.”

அவர் கையையும் படத்தையும் பார்த்தார். தலையாட்டிவிட்டு உள்ளே போய், இன்னும் கொஞ்சம் கறுப்பாக இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று பிளாக்குக்கு. மற்றதை நீட்டியபோது ஜெபமலர் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினாள். கன்னத்துப் பள்ளம் இருந்தது. வாயோரக் கோடுகள் இருந்தன. எதையோ சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிற அந்த உதடுகளும் இருந்தன.

“காயவிடாட்டிச் சுருண்டுடும்.”

“நேரமில்ல நானா.”

மரக்கறி லொறி ஒன்று அவளைத் தோட்டத்துச் சந்தியில் இறக்கிவிட்டது. படத்தை இரண்டு உள்ளங்கையிலும் தட்டுப்போல் ஏந்திக்கொண்டு ஏறினாள். பாதி ஏற்றத்திலேயே மேலிருந்து பெண்களின் அழுகை கேட்டது. நின்றாள். பிறகு ஓடவில்லை. நடந்தாள்.

“எங்கடி போயித் தொலஞ்ச?” அத்தை வாசலிலேயே மறித்தாள். “கடைசி மூச்சுவரைக்கும் படம் வந்துருச்சா, படம் வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாளேடி. ஒரு போட்டோவுக்காகப் பெத்தவள விட்டுட்டியே!”

அவள் அத்தையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். படத்தை வைக்க அங்கே இடம் தெரியவில்லை. கையில் பிடித்தபடியே கொல்லைப் பக்கம் போனாள்.

குளிப்பாட்டுவதற்குக் கல் அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சிங்கராயர் குந்தியிருந்தார். அவள் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். பின்னாலேயே வந்த அத்தை எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்தின் ஓரங்கள் சுருளத் தொடங்கியிருந்தன. சிங்கராயர் முகத்தில் விரல் படாமல் நான்கு ஓரத்தையும் பார்த்துப் பார்த்து விரித்து, அனல் படாத தூரத்தில் பிடித்துக்கொண்டார்.

பக்கத்துக் காம்பரா மத்தேயு வந்து நின்றான். “அண்ணே, பெட்டி அடிக்கிறவர் வந்துட்டாரு. அளவெடுக்கணுமாம், வாங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இருக்கச் சொல்லு” என்றார். “இன்னும் காயல.”